ஐந்து சொற்களும் ஒரு தூக்குக் கயிறும்: டெரிக் பென்ட்லி வழக்கு

1952 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிட்டது. லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில், டாம்வொர்த் ரோட்டில், பார்லோ அண்ட் பார்க்கர் என்ற மிட்டாய் மொத்த வியாபாரிகளின் கிடங்கு. பக்கவாட்டில் இருந்த சின்ன இரும்பு கேட்டை இரண்டு பையன்கள் தாண்டிக் குதித்து, மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவதை எதிர்வீட்டில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். போலீஸுக்குத் தகவல் போனது.

ஒருவன் கிறிஸ்டோபர் கிரேக், வயது 16. கையில் குழாயை அறுத்துக் குட்டையாக்கிய ரிவால்வர். இன்னொருவன் டெரிக் பென்ட்லி, வயது 19. அவனிடம் துப்பாக்கி இல்லை. ஒரு கத்தி இருந்தது, கிரேக் கொடுத்த, விரல்களில் மாட்டிக் குத்தும் இரும்புப் பிடி ஒன்றும் இருந்தது. இரண்டையும் அவன் கடைசி வரை பயன்படுத்தவில்லை.

முதலில் மேலே ஏறி வந்தவர் துப்பறியும் காவலர் ஃபிரெடரிக் ஃபேர்ஃபாக்ஸ். பென்ட்லியைப் பிடித்தார். அவன் பிடியை உதறிக்கொண்டான். அந்த நொடியில் அவன் கத்தியதாகப் போலீஸார் பின்னால் சொன்ன சொற்கள் இவை: “லெட் ஹிம் ஹேவ் இட், கிரிஸ்!” கிரேக் சுட்டான். குண்டு ஃபேர்ஃபாக்ஸின் தோளில் பட்டது. காயத்தோடே அவர் பென்ட்லியை மறுபடி மடக்கினார். அதற்கப்புறம் பென்ட்லி திமிறவும் இல்லை, ஓடவும் இல்லை. அவர் பக்கத்திலேயே நின்றான். பிறகு கூடுதல் போலீஸ் வந்தது. மாடிப்படிக் கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக வெளியே வந்த காவலர் சிட்னி மைல்ஸ், தலையில் குண்டு பாய்ந்து விழுந்தார். உயிர் போய்விட்டது. குண்டுகள் தீர்ந்ததும் கிரேக் மாடியிலிருந்து குதித்தான். முதுகெலும்பு முறிந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டான்.

சுட்டவனுக்கு 18 வயது ஆகவில்லை, அதனால் சட்டப்படி அவனைத் தூக்கிலிட முடியாது. சுடாத பென்ட்லி 1953 ஜனவரி 28 காலையில் வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கிலிடப்பட்டான். மைல்ஸ் விழுந்த நேரத்தில் அவன் போலீஸ் பிடியில் நின்றுகொண்டிருந்தவன். அவனையும் அந்தக் கொலையோடு சேர்த்துக் கட்ட அரசுத் தரப்பிடம் இருந்த கயிறுகளில் பெரியது, மேலே சொன்ன ஐந்து சொற்கள்.

ஒரு சொல்லின் பொருள் அதைச் சுற்றி இருப்பதைப் பொறுத்தது என்று விளக்க வருகிறவர்கள் இந்த ஐந்து சொற்களைத்தான் உதாரணமாக எடுப்பார்கள். உதாரணம் பொருத்தமானதே. ஆனால் இந்த வழக்கை நான் பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க என் கவனம் அந்தக் கூச்சலை விட்டு நகர்ந்து, அவன் பெயரில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் மேல் நின்றுவிட்டது. அதில் இருக்கும் சின்னச் சின்னச் சொற்கள்தான் அவனை இன்னும் இறுக்கமாக மாட்டவைத்தன. ஏனென்றால் அந்தச் சொற்களைச் சுற்றி ஏதோ இருந்திருக்கிறது. தாளில் ஏறும்போது அது காணாமல் போயிருக்கிறது.

குடு

முதலில் கூச்சலையே பார்த்துவிடுவோம். “லெட் ஹிம் ஹேவ் இட்” என்பதை அப்படியே பிரித்தால், ‘அது அவரிடம் இருக்கட்டும், அதை அவருக்குக் கொடுத்துவிடு’ என்று வரும். அதே ஆங்கிலத்தில் அது ‘அவனை அடி, சுடு’ என்பதற்கும் வழக்குச் சொல். அந்தக் காலத்துத் துப்பாக்கிப் படங்களைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இரண்டாவது அர்த்தம் நன்றாகவே தெரிந்திருக்கும். துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்று ஒரு அர்த்தம், துப்பாக்கியால் கொடு என்று ஒரு அர்த்தம். ஒன்று உயிரைக் காப்பாற்றுகிற சொல், மற்றது உயிரை எடுக்கிற சொல்.

தமிழில் இதை மொழிபெயர்க்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. நம்மிடம் ‘குடு’ இருக்கிறது. மளிகைக் கடையில் முதலாளி பையனிடம், “அவருக்குக் குடுத்துடுப்பா” என்றால் மீதிச் சில்லறை கைமாறும். தெருமுனையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவன், “குடுறா அவனுக்கு” என்றால் கன்னத்தில் விழும். எதைக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. சில்லறையையும் அறையையும் கேட்கிறவனே நிரப்பிக்கொள்கிறான், கண்ணெதிரே நடப்பதை வைத்து.

இன்னொரு நுணுக்கம் உண்டு. “அவன்கிட்ட குடு” என்று சொன்னால் தமிழில் அது அடியாகவே ஆகாது. கைமாற்றுவது மட்டும்தான். ‘கிட்ட’ என்று உருபு மாறியதும் இரண்டாவது அர்த்தத்துக்குக் கதவு சாத்திவிடுகிறது. ‘அவனுக்கு’ என்றால் மட்டும் இரண்டு கதவும் திறந்திருக்கும். நாம் அர்த்தத்தைத் தேடிப் பெரிய பெரிய சொற்களைப் புரட்டிக்கொண்டிருப்போம், அது ஒரு வேற்றுமை உருபின் முனையில் உட்கார்ந்திருக்கும்.

சரி, கூரைக்கு வருவோம். ‘கொடுத்துவிடு’ என்ற அர்த்தம் அங்கே நிற்க வேண்டுமானால் சுற்றிலும் சில விஷயங்கள் தேவை. யாராவது துப்பாக்கியைக் கேட்டிருக்க வேண்டும், அல்லது கையை நீட்டியிருக்க வேண்டும். ‘சுடு’ என்ற அர்த்தம் நிற்கவும் சில விஷயங்கள் தேவை. கிரேக்கிடம் துப்பாக்கி இருப்பது பென்ட்லிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதை அவன் எடுப்பான் என்ற எதிர்பார்ப்பும் இருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் பென்ட்லி நடந்துகொண்ட விதமும் கணக்கில் வர வேண்டும். ‘சுடு’ என்று ஏவியவன், காயம்பட்ட போலீஸ்காரர் பக்கத்தில், பையில் கத்தி இருக்கும்போதே, சும்மா நின்றுகொண்டிருப்பானா? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் அந்த வழக்கின் மையத்தில் இருந்திருக்க வேண்டும்.

கேட்கப்படாத கேள்வி

விசாரணை 1952 டிசம்பர் 9 முதல் 11 வரை, லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி காடார்டு பிரபு முன்னால் நடந்தது. மூன்றே நாள். ஃபேர்ஃபாக்ஸ், மக்டொனால்டு, ஹாரிசன் என்ற மூன்று காவலர்கள் அந்தக் கூச்சலைத் தங்கள் காதால் கேட்டதாகச் சொன்னார்கள். பென்ட்லி, அப்படி எதுவும் தான் சொல்லவே இல்லை என்றான். அப்படி எதையும் தான் கேட்கவே இல்லை என்றான் கிரேக்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. சொல்லவே இல்லை என்று நிற்கிறவனின் வழக்கறிஞர், ‘சொல்லியிருந்தாலும் அதற்குத் துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்றுதான் அர்த்தம்’ என்று எப்படி வாதாடுவார்? வாதாடினால் தன் கட்சிக்காரனையே பொய்யன் ஆக்கியதாகிவிடும். அதனால், பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த இரட்டை அர்த்தம் ஜூரிகளின் முன்னால் வழக்காக வைக்கப்படவே இல்லை. ஐந்து சொற்களும் நீதிமன்றத்துக்குள் வரும்போதே ஒற்றை அர்த்தத்தோடுதான் வந்தன.

காடார்டு அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினார். ஜூரிகளுக்குத் தொகுத்துச் சொல்லும்போது, இந்த மூன்று அதிகாரிகளும் அன்றிரவு காட்டிய வீரத்தைப் புகழ்ந்தார். புகழ்ந்த கையோடு, இப்படி வீரத்தில் சிறந்தவர்களைப் பொய்யில் சிறந்தவர்கள் என்றா நீங்கள் சொல்லப் போகிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். அவர்கள் சொன்னது பொய்யானால், அந்தப் பையனின் உயிரைச் சத்தியம் செய்து பறிக்கப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடுமே என்றார். இந்தக் கேள்வி என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜூரிகளின் முன்னால் ‘சொன்னானா, சொல்லவில்லையா’ என்பது ஒன்றுதான் நிற்கிறது. ‘சொன்னதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. வீரமும் காயமும் ஒரு காவலரின் மரணமும் சேர்ந்து, அந்த ஐந்து சொற்களுக்கு ஒரே பொருளைக் கொடுத்துவிட்டன. அந்த இரும்புப் பிடியையும் காடார்டு தன் கையில் மாட்டிக்கொண்டு ஜூரிகளுக்குக் காட்டினார். யாரையும் அடிக்காத ஆயுதம் அது.

நீதிமன்றத்துக்கு வெளியேயும் ஒரு சூழல் இருந்தது. போர் முடிந்து ஏழு வருஷம். சிப்பாய்கள் கொண்டுவந்த துப்பாக்கிகள் பையன்களின் கையில் புழங்குகின்றன, இளவட்டங்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்ற பயம் பத்திரிகைகளில் நிரம்பியிருந்தது. இந்தச் சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்புதான் கிரேக்கின் அண்ணனுக்கு ஆயுதக் கொள்ளை வழக்கில் 12 வருஷ சிறைத் தண்டனை கிடைத்திருந்தது. சட்டத்தின் ஞாபகத்திலும் ஒரு பழைய எதிரொலி உண்டு. 1940-ல் டர்ஹாம் மாவட்டத்தில் கௌண்டன் என்ற ஊரில், கடை உடைக்க வந்த இருவரில் ஒருவன் ஒரு காவலரைச் சுட்டான். சாகும் தறுவாயில் அந்தக் காவலர் கொடுத்த வாக்குமூலத்திலும், சுடுவதற்கு முன் ஒருவன் “லெட் ஹிம் ஹேவ் இட்” என்று சொன்னதாக இருந்தது. இருவருமே தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கு கூட்டுக் குற்றத்துக்கு, அதாவது சேர்ந்து குற்றத்தில் இறங்கியவர்களில் ஒருவன் செய்ததற்கு மற்றவனும் பொறுப்பு என்பதற்கு, முன்னுதாரணமாகச் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆக, பென்ட்லி வாயைத் திறந்தானோ இல்லையோ, அந்தச் சொற்களுக்குச் சட்டத்தின் காதில் ஏற்கெனவே ஒரு அர்த்தம் பதிந்து கிடந்தது.

ஜூரிகள் 75 நிமிடத்தில் முடிவுக்கு வந்தார்கள். குற்றவாளி. பென்ட்லிக்குக் கருணை காட்டும்படியும் பரிந்துரைத்தார்கள். கருணை வரவில்லை.

‘துப்பாக்கி’யும் ‘துப்பாக்கியை’யும்

இனி வாக்குமூலம். அன்றிரவு போலீஸ் நிலையத்தில் பென்ட்லி சொல்லச் சொல்ல எழுதியது என்று போலீஸ் தாக்கல் செய்த தாள் அது. மொத்தம் 582 ஆங்கிலச் சொற்கள். தாங்கள் கேள்வியே கேட்கவில்லை, அவன் வாயிலிருந்து வந்ததை வந்தபடி எழுதினோம் என்று அதிகாரிகள் சத்தியம் செய்தார்கள். பென்ட்லிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வலிப்பு நோய் உண்டு. அவனுடைய மனவளர்ச்சி 11 வயதுப் பிள்ளையின் அளவுதான் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அவனுக்கு இப்படி ஒரு நிலை என்பது ஜூரிகளுக்குச் சொல்லப்படவே இல்லை.

அந்தத் தாளின் நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது. தமிழில் சொன்னால்: ‘அவன் துப்பாக்கியைப் பயன்படுத்தப் போகிறான் என்று எனக்குத் தெரியாது.’ கிட்டத்தட்டக் கடைசியில் இன்னொன்று: ‘என்னிடம் துப்பாக்கி இல்லை, கிரிஸ் சுடும் வரை அவனிடம் ஒன்று இருப்பதும் எனக்குத் தெரியாது.’

முதல் வாக்கியத்தின் ஆங்கிலத்தில் துப்பாக்கிக்கு முன்னால் ‘தி’ இருக்கிறது. ‘தி’ போட்டால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. தமிழில் அப்படி ஒரு தனிச் சொல் இல்லையே என்று தோன்றும். ஆனால் நாம் அந்த வேலையை ‘ஐ’ உருபை வைத்துச் செய்கிறோம். “துப்பாக்கி எடுத்தான்” என்றால் ஏதோ ஒரு துப்பாக்கி. “துப்பாக்கியை எடுத்தான்” என்றால் நமக்குத் தெரிந்த அந்தத் துப்பாக்கி. “மாடு பார்க்கப் போனேன்” என்பவர் வாங்கப் போகிறவர். “மாட்டைப் பார்க்கப் போனேன்” என்பவருக்குத் தொழுவத்தில் ஏற்கெனவே ஒரு மாடு நிற்கிறது.

வாக்குமூலத்தில் இந்த வாக்கியம் வந்திருக்கும் இடம், ஒரு குண்டுகூட வெடிக்காத இடம். இருவரும் மாடியில் ஒளிந்துகொண்டு பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள். போலீஸ் இன்னும் மேலே ஏறவில்லை. அந்த இடத்தில் ‘துப்பாக்கியை’ என்று வந்தால், அது இருப்பது அவனுக்கு முன்னமே தெரியும் என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? கடைசியில் வரும் ‘சுடும் வரை தெரியாது’ என்பதோடு அது முட்டுகிறது. ஒருவன் தன் வாயாலேயே தன்னை மறுத்துக்கொண்டான் என்று ஆகிவிட்டது. அந்த முரண்பாட்டைக் காடார்டு ஜூரிகளுக்கு எடுத்துக் காட்டினார்.

நாற்பது வருஷம் கழித்து அந்தத் தாளைக் கையில் எடுத்தவர் மால்கம் கோல்ட்ஹார்டு என்ற ஆங்கிலேய மொழியியலாளர். ஒரு கதையைத் தானாகச் சொல்லிக்கொண்டு போகிறவன் நடக்காததைச் சொல்ல மாட்டான் என்பது அவர் பிடித்த முதல் இழை. ‘அதுவரை கிரிஸ் எதுவும் சொல்லவில்லை’, ‘நான் கதவைத் திறக்கவில்லை, அவர்களோடு பேசவும் இல்லை’, ‘அந்த நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை’ என்று வரிசையாக வரும் ‘இல்லை’களுக்கு அந்தக் கதைக்குள் வேலையே இல்லை. அவை பதில்கள். ‘கிரிஸ் அதுவரை ஏதாவது சொன்னானா?’ என்று யாரோ கேட்டிருந்தால்தான் ‘சொல்லவில்லை’ என்று வரும். கேள்வியை அழித்துவிட்டுப் பதிலை மட்டும் வைத்தால், பதில் சொன்னவனே அந்த விஷயத்தைத் தானாக எடுத்துப் பேசியதாக ஆகிவிடுகிறது.

துப்பாக்கி வாக்கியத்தை அப்படிப் படித்துப் பாருங்கள். நள்ளிரவு. ஒரு காவலர் இறந்துவிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கிறார்: “அவன் துப்பாக்கியைப் பயன்படுத்துவான்னு உனக்குத் தெரியுமா?” இந்தப் பக்கம் இருப்பவன் சொல்கிறான்: “தெரியாது.” அந்த ‘ஐ’, அந்த ‘தி’, கேட்டவருடையது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு கேட்கிறவருக்கு அது ‘அந்தத் துப்பாக்கி’தான். அப்புறம் அது ஒரே வாக்கியமாகத் தைக்கப்பட்டு, ‘நான்’ என்று ஆரம்பித்து, குண்டு வெடிக்கும் முன்பான இடத்தில் செருகப்படுகிறது. இப்போது அந்த ‘ஐ’ பென்ட்லியுடையது. ஒரு எழுத்து கைமாறியதில் அவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஆகிவிட்டது.

எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. பொய்யே சொல்லாமல், ஒரு சொல்லையும் புதிதாகச் சேர்க்காமல்கூட இதைச் செய்துவிட முடியும் என்பதுதான் காரணம்.

ரைட்டரின் தமிழும் பென்ட்லியின் ‘தென்’னும்

சில வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் என் போன் தொலைந்துபோய், புகார் கொடுக்க ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னது இது: “பஸ்ஸ விட்டு எறங்கிப் பாக்கெட்ட தொட்டுப் பாத்தேன் சார், போன் இல்ல. மறுபடி பஸ்ஸு பின்னாடியே ஓடுனேன், போயிடுச்சு.” அவர் எழுதியது: ‘மேற்படி பேருந்திலிருந்து இறங்கிப் பார்த்தபோது எனது கைபேசி காணாமல் போனது தெரியவந்தது. அதன்பேரில் மேற்படி பேருந்தைப் பின்தொடர்ந்து சென்றும் பிடிக்க இயலவில்லை.’ கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் பேச்சில் ‘மேற்படி’ என்றோ ‘அதன்பேரில்’ என்றோ நான் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தாளில் அவற்றைச் சொல்லியிருப்பது நான்தான்.

அதில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. தொலைந்தது போன், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு யாராவது அந்தத் தாளை எடுத்து, ‘இதை இவர் சொன்னது சொன்னபடி எழுதினோம்’ என்று சத்தியம் செய்தால், அதைப் பொய் என்று காட்ட அந்த ‘மேற்படி’ ஒன்றே போதும்.

கோல்ட்ஹார்டு கண்டுபிடித்த ‘மேற்படி’, ஆங்கிலத்தின் ‘தென்’. அப்புறம், பிறகு என்று பொருள்படும் சாதாரணச் சொல். பென்ட்லியின் 582 சொற்களில் அது 10 முறை வருகிறது, அதாவது 58 சொற்களுக்கு ஒருமுறை. சாதாரண மனிதர்கள் கொடுத்த சாட்சி வாக்குமூலங்கள் சிலவற்றை எடுத்து அவர் எண்ணிப் பார்த்தார். அவற்றில் 930 சொற்களுக்கு ஒருமுறைதான் வந்தது. போலீஸ்காரர்கள் எழுதிய வாக்குமூலங்களில் 78 சொற்களுக்கு ஒருமுறை.

அதைவிட முக்கியம், அந்தச் சொல் நிற்கும் இடம். சாதாரணமாகப் பேசுகிற ஆங்கிலேயர் ‘தென் ஐ’ என்பார், ‘அப்புறம் நான்’ என்பது போல. போலீஸ் அறிக்கை நடையில் அது ‘ஐ தென்’ என்று திரும்பிவிடும், ‘நான் அதன் பின்னர்’ என்பது போல. எழுவாயை முன்னால் நிறுத்திவிட்டு நேரத்தைப் பின்னால் வைப்பது, யார் எப்போது என்ன செய்தார் என்று வரிசை பிசகாமல் எழுதப் பழகிய கையின் வழக்கம். பேச்சு ஆங்கிலத்தின் பெரிய தொகுப்பு ஒன்றில் ‘ஐ தென்’ ஏறக்குறைய 1,65,000 சொற்களுக்கு ஒருமுறைதான் தென்பட்டது. பென்ட்லியின் தாளில் அது மூன்று முறை இருக்கிறது. ‘கிரிஸ் தென்’ என்று வருவதைத் தனியாக எண்ண வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத 19 வயதுப் பையன், பாதி ராத்திரியில், பயத்தில், போலீஸ் அறிக்கையின் இலக்கணத்தில் பேசியிருக்கிறான் என்றால் நம்ப முடிகிறதா?

இந்த மாதிரி ஆய்வுக்கு முன்னோடி 1968-ல் யான் ஸ்வார்ட்விக் என்ற ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் செய்தது. 1950-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட டிமதி எவன்ஸும் சரியாகப் படிக்கத் தெரியாதவர்தான். அவருடைய வாக்குமூலங்களின் சில பகுதிகளில் மட்டும் நடை மாறுவதை ஸ்வார்ட்விக் காட்டினார். எவன்ஸ் குற்றமற்றவர் என்பது அப்போதைக்கே வெளிவந்திருந்தது.

நம் நாட்டில் 1872-ல் ஆங்கிலேயர் எழுதிவைத்த சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. அடித்து வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் வந்த விதி என்றுதான் பொதுவாக அதைச் சொல்வார்கள். பென்ட்லியின் தாளைப் படித்தபின் எனக்கு அதில் இன்னொரு நியாயமும் தெரிகிறது. அடியே விழாவிட்டாலும், ஒருவர் பேச்சை இன்னொருவர் நடையில் எழுதும்போதே பொருள் நகர்ந்துவிடுகிறது.

அப்புறம் நடந்தவை

1953 ஜனவரி 13-ல் மேல்முறையீடு தள்ளுபடியானது. சுமார் 200 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கருணை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். உள்துறை அமைச்சர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் அசையவில்லை. தூக்கு நாளன்று காலையில் சிறைக்கு வெளியே கூட்டம் கூடி, வாசலில் ஒட்டிய மரண அறிவிப்பைக் கிழித்தது. கிரேக் பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு 1963-ல் வெளியே வந்தான். பென்ட்லி அந்தச் சொற்களைச் சொல்லவில்லை என்பதில் அவன் பிற்காலத்திலும் மாறவில்லை. பிரிட்டனில் கொலைக்கான தூக்குத் தண்டனை 1965-ல் நிறுத்திவைக்கப்பட்டு 1969-ல் ஒழிந்தது. அதற்கு வழிவகுத்த வழக்குகளில் இதுவும் ஒன்று.

பென்ட்லியின் அக்கா ஐரிஸ் நாற்பது வருஷத்துக்கு மேல் போராடினார். 1993-ல் அரசு பாதி மன்னிப்பு மட்டும் கொடுத்தது. தூக்கிலிட்டிருக்கக் கூடாது, ஆனால் குற்றவாளிதான் என்று. ஐரிஸ் 1997-ல் இறந்துபோனார். 1998 ஜூலை 30-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. தலைமை நீதிபதி பிங்ஹாம் பிரபு, காடார்டு ஜூரிகளுக்குச் சொன்ன தொகுப்புரை, ஒவ்வொரு பிரிட்டிஷ் குடிமகனுக்கும் பிறப்புரிமையான நியாயமான விசாரணையை அந்தப் பையனுக்கு இல்லாமல் செய்துவிட்டது என்று எழுதினார். ஐந்து சொற்களுக்கு என்ன அர்த்தம் என்பதை வைத்து அந்த முடிவு வரவில்லை. அவற்றை எப்படிக் கேட்க வேண்டும் என்று நீதிபதி ஜூரிகளுக்குக் காட்டிய விதம்தான் அதற்குக் காரணம்.

அந்த வாக்குமூலத்தில் நான் இன்னும் தாண்ட முடியாமல் நிற்கும் ஒரு வரி உண்டு. மைல்ஸ் சுடப்பட்டு விழுகிறார். நெற்றியில் மூக்குக்கு மேலே ரத்தம் வருவதைப் பென்ட்லி பார்க்கிறான். இன்னொரு போலீஸ்காரர் அவரைச் சுவர் மறைவுக்கு இழுத்துப் போகிறார். உடனே அடுத்த வாக்கியம்: ‘நான் ஏதோ கத்தினது ஞாபகம் இருக்கிறது, ஆனால் என்ன என்பது மறந்துவிட்டது.’ அதற்கடுத்து: ‘கத்தும்போது கிரிஸ் என் கண்ணில் படவில்லை, அவன் ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தான்.’

போலீஸ் சொன்ன கூச்சல், முதல் குண்டுக்கு முன்னால். இந்தத் தாளில் உள்ள கூச்சல், மைல்ஸ் விழுந்ததற்குப் பின்னால். இரண்டும் ஒன்றா, வேறா? “நீ ஏதாவது கத்தினியா?” என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். எப்போது கத்தியதைப் பற்றிக் கேட்டார்கள் என்பது தாளில் இல்லை. பக்கத்தில் ஒரு மனிதர் விழுந்து கிடக்க, இருட்டில் தெரியாத நண்பனைப் பார்த்து ஒரு பையன் என்னவோ கத்தியிருக்கிறான். நிறுத்து என்றா, ஓடு என்றா, வெறும் பெயரையா? அதைக் கேட்டுவைத்து எழுத அங்கே யாரும் இல்லை. அவனுக்கே மறந்துபோன அந்தச் சொற்களின் இடத்தில், மற்றவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்த ஐந்து சொற்கள் வந்து நின்றன.